பல்கலைக்கழக வாசலில் பன்னீர் தெளித்த கதை

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தோடு ஆயுசுக்கும் பகை வேண்டுமென்றால் வரப்பை வெட்ட வேண்டியதில்லை, வாய்க்காலை அடைக்க வேண்டியதில்லை. அவர்கள் நம் வீட்டு விசேஷத்துக்கு வரும்போது வாசலில் நின்று "வாங்க" என்று சொல்லாமல் விட்டால் போதும். ("அவன் ஊட்டுக் கல்யாணத்துல என்னைய வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்று இன்னமும் பொருமுகிற பெரியப்பா எனக்கு ஒருவர் உண்டு. கல்யாணம் ஆன அந்தத் தம்பதிக்கே பேரன் பிறந்துவிட்டான்.)

நான் படித்த பல்கலைக்கழகத்தை அப்பா தேர்ந்தெடுத்ததும் இந்தக் கணக்கில்தான். சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் அவருக்குப் பிள்ளையைப் படிக்க அனுப்புவதும் பெண் கொடுப்பதும் ஒன்று. எந்த இடத்தில் படித்தால் வேலை கிடைக்கும் என்று நான் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருக்க, அவர் கோயமுத்தூரில் மூன்று இடங்களுக்கு நேரிலேயே போய்வந்தார். முதல் இடத்தில் "டோக்கன் எடுங்க" என்றார்களாம். இரண்டாவதில் யாரும் நிமிர்ந்தே பார்க்கவில்லையாம். மூன்றாவதில் காவலாளி எழுந்து நின்று, "வாங்க, எந்த ஊருங்க?" என்று கேட்டிருக்கிறார். அத்தோடு முடிவாகிவிட்டது.

அங்கே எனக்கு ஜவுளித் தொழில்நுட்பத்தில் இடம் கிடைத்ததே, கடைசி நேரத்தில் யாரோ விலகியதால்தான். சேருகிற நாளில் பகல் பன்னிரண்டு மணிக்குள் சான்றிதழ்களோடு துறைக்குப் போய்த் தலையைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். எனக்கு அந்தப் படிப்பின் மேல் அப்படியொரு பைத்தியம். அது கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்ப்பது என்று வீட்டில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நாளும் வந்தது. "பெரிய எடத்துக்குப் போறே அம்மணி" என்று அம்மா எனக்கு மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை கட்டி, தோட்டத்து மல்லிகையில் பாதியைத் தலையில் ஏற்றியிருந்தார். (மற்ற பெண்களெல்லாம் சுடிதாரில் வந்திருந்தார்கள். நான் மட்டும் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவள் மாதிரி.) முதலில் பெரிய அரங்கத்தில் வரவேற்பு விழா. அப்பா காரை நிறுத்தப் போக, நானும் அம்மாவும் அரங்க வாசலில் நின்றோம்.

அங்கேதான் வினை. ஒரு பெரியவர் படியேறி வந்தார். என்னைக் கேட்காமலே என் கைகள் குவிந்துகொண்டன. "வாங்க" என்றேன். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம். அவர்களை விட்டால் தப்பாக நினைப்பார்களே! "வாங்க, வாங்க." அப்போது கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு மேடம் வேகமாக வந்தார்.

"ரிசப்ஷன் நீதானா? ஏம்மா இவ்வளவு லேட்டு? இந்தா, புடி."

பன்னீர்ச் செம்பு என் கைக்கு வந்தது. நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெரியவர்கள் ஒன்று சொன்னால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வாயில் தானாக வருவது ஒரே சொல்தான். "சரிங்க" என்றேன்.

காரை நிறுத்திவிட்டு வந்த அப்பா, மகள் பட்டுப்புடவையோடு பன்னீர் தெளிப்பதைப் பார்த்துப் பூரித்துப் போனார். "வந்த அன்னிக்கே உன்னைய நம்பிப் பொறுப்பக் குடுத்துப்போட்டாங்களா கண்ணு!"

"அப்பா, பன்னெண்டு மணிக்குள்ள டிபார்ட்மென்டுக்குப் போகோணுங்க."

"போலாம், போலாம். வந்தவிய என்ன நெனைப்பாங்க? அல்லாரையும் வாங்கன்னு கேட்டுப்போட்டுப் போ."

எல்லோரையுமா? தமிழ்நாட்டில் பிள்ளை பெற்றவர்கள் அத்தனை பேரும் அன்றைக்கு அந்தப் படிக்கட்டில்தான் ஏறினார்கள். விழா தொடங்கிய பிறகும் வரத்து நிற்கவில்லை. போதாததற்கு அப்பா என் வலப்பக்கம் வந்து துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றுவிட்டார். அம்மா கற்கண்டுத் தட்டை வாங்கிக்கொண்டார். அச்சு அசலாகக் கல்யாண மண்டப வாசல். மாப்பிள்ளைதான் இல்லை.

அப்பாவுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் "வாங்க" என்பதோடு நிறுத்த மாட்டார்கள், அடுத்த வரியும் உண்டு. உள்ளே போகிற ஒவ்வொருவரின் கையையும் பிடித்து அதையும் சொன்னார்: "இருந்து சாப்பிட்டுப்போட்டுத்தானுங்க போகோணும்." சிறப்பு விருந்தினரிடமும் சொன்னார். அவர் பாவம், சந்தோஷமாகத் தலையாட்டினார்.

விழா முடிந்து கூட்டம் வெளியே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் அந்த மேடத்தைச் சூழ்ந்துகொண்டு ஒரே கேள்வி கேட்டார்கள்: "பந்தி எங்கீங்க?"

பந்தியா? அன்றைக்கு அங்கே ஒரு டீ கூட ஏற்பாடு இல்லை. மேடம் என் பக்கம் திரும்பினார்.

"நீ எந்த வருஷம்?"

"இன்னும் சேரலீங்க. சேரத்தான் வந்தேனுங்க."

அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. அரங்கத்துக் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. செம்பை அவர் கையில் திணித்துவிட்டு, அம்மாவிடமிருந்த சான்றிதழ்ப் பையைப் பிடுங்கிக்கொண்டு, புடவையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடினேன். அது பல்கலைக்கழகமா, தாலுகாவா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். மல்லிகைப்பூ வழியெல்லாம் உதிர, அழுதுகொண்டே ஓடினேன். படிப்பும் போச்சு, மானமும் போச்சு, அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

துறைத் தலைவர் அறை பூட்டியிருந்தது. "சார் விழாவுக்குப் போனாரு, இன்னும் வரலை" என்றார் வெளியே இருந்த ஊழியர். நான் சுவரில் சாய்ந்து தேம்பிக்கொண்டிருந்தபோது தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் மூச்சு வாங்க வந்தார். சட்டையில் பன்னீர் வாசம்.

"மணி பன்னெண்டரை ஆச்சேம்மா" என்றவர், கடிகாரத்தைப் பார்த்துத் தானே பெருமூச்சு விட்டார். "உன்னைச் சொல்லி என்ன? நானே இப்பத்தான் வரேன். வெளியே வரப்போ வாசல்ல ஒரு மனுஷன் என் கையைப் புடிச்சுக்கிட்டு, சாப்பிடாமப் போகக்கூடாதுன்னு விடவே இல்லை."

"அது எங்கப்பாங்க."

அவர் என் புடவையைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், பூட்டைத் திறந்தார். சான்றிதழ்களை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து, "சரி, சாப்பாடு எங்கே?" என்றார்.

அதற்குள் கேட்டுக் கேட்டு வழி கண்டுபிடித்து அப்பாவும் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். அப்பா கையில் எங்களுக்கென்று அம்மா கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றுத் தூக்கு. சொன்ன வாக்கை ஒருவரிடமாவது காப்பாற்ற வேண்டுமாம். துறைத் தலைவர் மேசையிலேயே அம்மா இலையைப் போட்டார். அவர் "போதும்" என்று சொன்ன பிறகு இரண்டு கரண்டி விழுந்தது.

விடுதியில் நான்கு வருஷமும் என் பெயர் பன்னீர். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவ்வளவு பெரிய இடத்தில் மற்ற புதுப்பிள்ளைகள் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் அழுதுகொண்டிருந்த முதல் வாரத்தில், என்னை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "அம்மணி, சாப்பாடு போடறேன்னு ஏமாத்திட்டியே" என்று கேன்டீன்காரர் ஒரு வடை கூடுதலாக வைப்பார். அந்த வடைக்காகவாவது இன்னொரு தடவை அங்கே சேர மாட்டோமா என்று இப்போதும் ஏங்குகிறேன்.

போன மாதம் அண்ணன் மகளைச் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்க்கக் குடும்பத்தோடு போனோம். வழியெல்லாம் இந்தக் கதைதான். அப்பா அவளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தார்: "அங்க போயி ஒருத்தரையும் வாங்கன்னு கேட்டுப்போடாத கண்ணு. உங்கத்தைக்கு ஆன கதி தெரியுமல்ல? சீட்டே போயிருக்கும்."

வாசலில் ஆளே இல்லை. செல்போனைக் காட்டினால் கதவு திறக்கிற இயந்திரம் ஒன்றுதான் நின்றது. நாங்கள் உள்ளே போய், சேர்க்கையெல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். இயந்திரத்துக்குப் பக்கத்தில் துண்டைச் சரிசெய்துகொண்டு, கைகூப்பி நின்றிருந்தார்.

"வாங்க, வாங்க. எந்த ஊருங்க?"

என்னைப் பார்த்ததும் அசடு வழியச் சிரித்தார். "சாப்பாட்டப் பத்தி மட்டும் யாருகிட்டயும் சொல்லல கண்ணு."