அத்தானின் மொட்டையும் என் புரொக்சியும்

தான் எழுதிய மென்பொருளைச் சொந்த அக்காவின் கலியாணத்திலேயே பரீட்சித்துப் பார்க்கும் மடையன் உலகத்தில் ஒருவன்தான் இருப்பான். அவன் கோப்பாயில் இருக்கிறான். இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

அப்போது நான் ஒரு புரொக்சி எழுதிக்கொண்டிருந்தேன். கலியாணத் தரகர் மாதிரி அது. இரண்டு கணினிகளுக்கு நடுவில் நின்று, இந்தப் பக்கம் சொல்வதை அந்த நொடியே அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கும். ஓப்பன் சோர்ஸ் என்பதால் உள்ளே எழுதியிருப்பதை உலகமே வாசிக்கலாம். (அதுவரை வாசித்தது நான் மட்டும்தான்.) இணைப்பு இல்லாவிட்டாலும் ஒரு செய்தியும் தொலையாது. சேர்த்துவைத்திருந்து, இணைப்பு வந்ததும் கொடுத்துவிடும். என் தலைக்கனத்துக்கு அதுதான் காரணம். (நல்ல தரகர் கேட்டதையெல்லாம் சொல்லமாட்டார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.)

கலியாணம் நல்லூரில் ஒரு மண்டபத்தில். கனடாச் சொந்தங்களின் வாழ்த்துகள் மணவறைக்குப் பக்கத்தில் பெரிய திரையில் உடனுக்குடன் வரவேண்டும் என்பது என் திட்டம்.

"தம்பி, உது சரிவருமோ? மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால மானத்தை வாங்கிப்போடாதை," என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு. நான் பாத்துக்கொள்ளுறன்."

முதல் நாள் கனடாவிலிருக்கும் சித்தியோடு பரீட்சித்தேன். "வாயில வந்ததை எழுதுங்கோ சித்தி," என்றேன். சித்தி தாராளமாக எழுதினார். என் கணினிக்கு எல்லாம் பளிச்சென்று வந்தன. மண்டபத்துத் திரையை இன்னும் இணைத்திருக்கவில்லை. ஆகவே திரைக்குரிய பிரதிகளை என் புரொக்சி பத்திரமாகச் சேர்த்துவைத்தது. அவற்றை அழிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் பெருமையோடு திரையை இணைத்தேன். மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், முழ நீள எழுத்தில் வந்தது சித்தியின் முதல் வாழ்த்து:

"மாப்பிள்ளைக்கு முன்பக்கம் மொட்டை விழுகுதெல்லோ? படத்தில தலையைச் சரிச்சு மறைச்சிருக்கினம்."

அடுத்தது: "எங்கடை பிள்ளையின்ரை வடிவுக்கு உவர் காணாது."

பாய்ந்துபோய் வயரைப் பிடுங்கினேன். பதற்றத்தில் பிடுங்கியது ஒலிபெருக்கி வயர். மண்டபம் அமைதியாகிவிட்டதால் எல்லாரும் இன்னும் கவனமாக வாசித்தார்கள்.

அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. அழுதுகொண்டிருந்தாள். வாழப்போகிற முதல் நாளே அவள் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே!

மாப்பிள்ளையின் தாய் எழுந்து வந்து, கண்ணாடியைப் போட்டு, இரண்டையும் ஆற அமர வாசித்தார்.

"உதில என்ன பிழை? மொட்டைதான். தகப்பனுக்கும் உப்பிடித்தான். முப்பது வரியமா நான் சமாளிக்கேல்லையே?" என்றவர், அக்காவின் கன்னத்தைத் துடைத்துவிட்டார். "அழாதை பிள்ளை. போகப்போகப் பழகியிடும்."

தலைப்பாவைப் பிடித்துக்கொண்டு முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். பிறகு மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து மாமியும் அக்காவும் ஒரு கட்சி. எனக்கு அதில் இன்னும் இடமில்லை.

அந்தக் கிழமையே மென்பொருளைத் திருத்தினேன். பழைய செய்திகள் இப்போது தானாக அழிந்துவிடும். மென்பொருளோடு சேர்ந்தே போகும் திருத்தக் குறிப்பில் விளையாட்டாக, "அத்தானின் மொட்டைப் பிழை சரிசெய்யப்பட்டது" என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்தேன். 'அத்தான்' மட்டும் தமிழ்ச் சொல்லாகவே நின்றது. ஓப்பன் சோர்ஸில் ஒரு குறிப்பு வெளியே போனால் போனதுதான். ஊரெல்லாம் படியெடுத்துவிடும், திரும்பப் பிடிக்க முடியாது. ஜேர்மனியிலிருந்து ஒருவர், "அத்தான் என்பது மென்பொருளின் எந்தப் பாகம்?" என்று கேட்டு எழுதியிருந்தார்.

இன்று என் புரொக்சியைப் பல நாடுகளில் பாவிக்கிறார்கள், குறிப்போடு சேர்த்துத்தான். புதிதாக யாரைச் சந்தித்தாலும் அத்தான் தலையைத் தடவிக்கொண்டு சொல்வார்:

"மற்றவையின்ரை மொட்டை வீட்டோடை. என்ரை மொட்டை உலகம் முழுக்க ஓடுது!"