கூறை முதலில், அத்தான் பிறகு

யாழ்ப்பாணத்து மாரி மழையைப் பார்த்து வளர்ந்தவன் என்ற திமிர் எனக்கு ஒருகாலத்தில் இருந்தது. அது இப்போது அரிசோனாப் பாலைவனத்தில் எங்கோ மணலுக்கடியில் கிடக்கிறது.

என் மனைவி வசந்தியின் தம்பிக்கு அங்கே கல்யாணம். நான்தான் மாப்பிள்ளைத் தோழன். பொம்பிளைக்குக் கட்டும் கூறைச்சேலையும் மாப்பிள்ளையின் தலைப்பாகையும் ரொறன்ரோவிலிருந்து என் பொறுப்பில் போயின. (வேறு யாரிடமாவது கொடுப்போம் என்று வசந்தி சொன்னது உண்மை.)

வாடகைக் காரில் போகும் வழியில், தெருவுக்குக் குறுக்கே ஒரு வறண்ட ஆறு. பாலம் கிடையாது. வெள்ளம் வந்தால் இறங்காதீர்கள் என்று ஒரு பலகை மட்டும். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ரொறன்ரோ அஜின்கோர்ட்டிலுள்ள சொந்தக்காரர்களுக்குப் படம் அனுப்புவதற்காக ஆற்றின் நடுவிலேயே காரை நிறுத்தி இறங்கினேன்.

"இஞ்சேருங்கோ, அங்கால மலைப்பக்கம் மின்னுது," என்றாள் வசந்தி.

"அது மலையில. இஞ்ச ஒரு துளி இல்லை. எங்கட மாரிக்கு முன்னால உதெல்லாம் ஒரு மழையே? நீர் படத்தை எடும்."

"உதென்ன சத்தம்?"

"லொறியா இருக்கும்."

லொறி இல்லை. முள்மரங்களை உருட்டிக்கொண்டு மண்ணிறத்தில் தண்ணீர் வந்தது. தலைக்கு மேலே வெயில் அப்படியே எரிந்தது. காரை முடுக்கினேன், சில்லுகள் மணலில் வீணாகச் சுழன்றன. இருவரும் கார்க்கூரையில் ஏறினோம். உண்மையிலேயே பயந்துபோனேன். கை இரண்டும் கூறைப் பெட்டியைப் பிடித்திருந்ததால், தலைப்பாகையைத் தலையிலேயே வைத்துக்கொண்டேன். மீட்புப் படை வந்தபோது பாலைவனத்து மகாராஜா ஒருவர் கார் மேல் கொலுவிருந்தார்.

யாரை முதலில் இறக்குவது என்று கயிற்றோடு வந்தவர் கேட்டார்.

"முதல்ல கூறையை இறக்குங்கோ. பிறகு என்னை. அவர் நிக்கட்டும்."

பதற்றத்தில் வசந்தி தமிழிலேதான் சொன்னாள். என் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கி அவள் நீட்டிய விதத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கூறை தப்பியது. தலைப்பாகையிலும் ஒரு துளி படவில்லை. மறுநாள் மணவறையில் பெருமையோடு நின்றேன். தாலி கட்டி முடிந்து மச்சான் தலைப்பாகையைக் கழற்றினான். அவன் நெற்றியைச் சுற்றிக் கன்னங்கரேலென்று ஒரு வளையம். வெள்ளத்தால் முடியாததை வெயிலில் வியர்த்த என் தலை செய்து முடித்திருந்தது. (ஓம், நான் நரையை மறைக்கத் தலைக்கு மை பூசுகிறவன். அதுவரை அது வசந்திக்கு மட்டுமே தெரியும்.)

அதோடு மையை விட்டேன். கதை மட்டும் சொந்தமெல்லாம் சுற்றி வந்தது. போன கோடையில் விட்பியில் என் மகளின் கல்யாணம். சம்பந்தி கூறைப் பெட்டியோடு காரிலிருந்து இறங்கினார். கை கொடுப்போம் என்று கிட்டப் போனேன். அவர் என் வெள்ளைத் தலையை ஒருமுறை பார்த்தார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"கூறை முதல்ல போகட்டும் அண்ணை," என்றார். "நீங்கள் நில்லுங்கோ."