தென்னந்தோப்பு ரோட்டில் ஒரு கும்பல்

"ஆள் பாக்க எப்படி இருந்தான்?" என்று கேட்டார் ஏட்டு ஆரோக்கியசாமி.

"தடியா இருந்தான் சார். தொப்பை கொஞ்சம் ஜாஸ்தி," என்றாள் ஜஹீருன்னிசா.

ஆரோக்கியசாமி நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு வயிற்றை உள்ளே இழுத்தார்.

"மூஞ்சி?"

"ஹெல்மெட் போட்டிருந்தான். கறுப்பு ஸ்கூட்டர். சைடுல ஒரு கண்ணாடி இல்ல. நாங்க நடந்தா மெதுவா பின்னாடியே வர்றான், நின்னா அவனும் நிக்கிறான். ஒரே பேஜாரா இருக்கு சார்."

ஒரு பக்கக் கண்ணாடி இல்லாத அந்தக் கறுப்பு ஸ்கூட்டர் அப்போது ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. நல்லவேளையாக ஜஹீருன்னிசாவும், துணைக்கு வந்த கமலமும் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

பேரணாம்பட்டு சாலையில் இருக்கும் ஷூ கம்பெனி ஒன்றில் இருவருக்கும் தையல் வேலை. சாயங்காலம் கம்பெனி விட்டதும் பஸ் ஸ்டாப்புக்கு வர, ஒரு தென்னந்தோப்பைத் தாண்டி நடக்க வேண்டும். வீடு இல்லாத, விளக்கு இல்லாத ரோடு. போன மாதம் வரை அங்கே ஆரோக்கியசாமி ரோந்து பைக்கில் வந்து நிற்பார். வேறு ஒன்றும் செய்ததில்லை. இன்ஜினை அணைக்காமல், கடைசிப் பெண் பஸ் ஏறும் வரை நிற்பார். அவ்வளவுதான்.

பிறகு ரோந்து பைக்குகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது.

"அந்த ரோட்டுல ஒரு கேசும் இல்லையே, வண்டி எதுக்குன்னு கேக்கறாங்க ஏட்டய்யா," என்றார் எஸ்.ஐ. சூரியபிரகாஷ்.

"வண்டி நின்னதாலதான் சார் கேசு இல்ல."

"நடக்காததுக்கு நான் இன்னா கணக்கு காட்டறது?"

ஆரோக்கியசாமியை ஸ்டேஷனிலேயே உட்கார்ந்து எழுதும் வேலைக்குப் போட்டார்கள். பைக் போன அடுத்த வாரமே தோப்பு ரோட்டில் இரண்டு பையன்கள் வண்டியில் வட்டமடிக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தியின் துப்பட்டாவை இழுத்தார்கள். சௌமியா என்ற பெண்ணின் கையிலிருந்த பையைப் பிடுங்கியதில் அவள் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். "வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று அவளுடைய அப்பா, புகார்கூடக் கொடுக்காமல் அவளை வீட்டில் உட்கார வைத்துவிட்டார். படித்து முடித்து ஆசையாக வேலைக்கு வந்த பெண்.

அதைக் கேட்ட பிறகு ஆரோக்கியசாமிக்குச் சோறு இறங்கவில்லை. ட்யூட்டி முடிந்ததும் மஃப்டியில், சொந்த ஸ்கூட்டரில், சொந்த பெட்ரோலில் அந்த ரோட்டுக்குப் போகத் தொடங்கினார். உத்தரவு இல்லாமல் போவதால் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. முதல் நாளே அந்தப் பையன்களை விரட்டு விரட்டென்று விரட்டியதில், அவர்கள் அதற்கப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

இப்போது அந்த ரோட்டில் சந்தேகப்படும்படியாகச் சுற்றுகிற ஒரே ஆள் அவர்தான்.

"எழுதிட்டீங்களா சார்? படிச்சுக் காட்டுங்க," என்றாள் ஜஹீருன்னிசா.

"தடியான ஆள், கறுப்பு ஸ்கூட்டர்," என்று படித்தார் ஆரோக்கியசாமி. தாளில் அவர் எழுதியிருந்தது, ஒல்லியான ஆள், சிவப்பு ஸ்கூட்டர்.

மறுநாள் மாலையே சிவப்பு ஸ்கூட்டரோடு ஒரு ஒல்லியான ஆளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தோப்பு ரோட்டில் காத்திருந்தாராம். யாருக்கு என்று கேட்டதற்கு, "என் பீவிக்கு" என்றாராம். தன்சீல் அகமது என்ற அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் ஜஹீருன்னிசா வந்து சேர்ந்தாள். கூடவே கமலம்.

"இவரு என் வீட்டுக்காரரு சார். கல்யாணமாகி ஒரு நாள்கூட என்னைக் கூப்பிட வந்ததில்ல. நேத்து நான் சொன்னதக் கேட்டு பயந்துபோய் இன்னிக்குத்தான் வந்தாரு. இன்னிக்கே புடிச்சிட்டீங்க. இனி எந்த ஜென்மத்துல வருவாரு?"

"வருவேன் பேகம்," என்றார் தன்சீல் அகமது மெல்லிய குரலில். ஜஹீருன்னிசா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு எஸ்.ஐ. பக்கம் திரும்பினாள்.

"நான் தடியன்னு சொன்னேன் சார்."

சூரியபிரகாஷ் ஆரோக்கியசாமியைப் பார்த்தார்.

"சாயங்கால வெளிச்சத்துல தடியனும் ஒல்லியாத்தான் தெரிவான் சார்," என்றார் ஆரோக்கியசாமி.

எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். தன்சீல் அகமதுவுக்கு மட்டும் ஆரோக்கியசாமி தன் கையால் பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார்.

இனி கறுப்பு ஸ்கூட்டர் கூடாது என்று முடிவு செய்தார். வீட்டில் மனைவி லூர்து மேரியின் ரோஸ் கலர் ஸ்கூட்டி இருந்தது. அதை எடுத்துக்கொண்டார். ஹெல்மெட்டையும் மாற்றினார். வயிறு தெரியாமலிருக்க மழைக்கோட்டு மாட்டினார். மழை பெய்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது.

இரண்டே நாளில் ஜஹீருன்னிசா மறுபடி வந்தாள். கூடவே கமலம்.

"சார், இப்ப இன்னொருத்தனும் சேந்துட்டான். மழைக்கோட்டு போட்டவன். ரோஸ் வண்டி. ஆக மொத்தம் ரெண்டு பேரு."

சூரியபிரகாஷ் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆரோக்கியசாமி வியர்வையைத் துடைத்தார்.

அன்று இரவு சாப்பாட்டின்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"தனியா ஆம்பள சுத்துனா பயப்படத்தான் செய்வாங்க," என்றாள் லூர்து மேரி. "நான் பின்னாடி உக்காந்துக்கிறேன். புருஷன் பொண்டாட்டின்னு பாத்தா யாருக்குச் சந்தேகம் வரும்?"

மறுநாள் அவள் புதுச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

"நாம ட்யூட்டிக்குப் போறோம்," என்றார் அவர்.

"தெரியுது. உங்க ட்யூட்டிய ஒரு நாளாவது நானும் பாக்கறேன். இத்தன வருஷத்துல காத்தாட எங்க கூட்டிட்டுப் போனீங்க?"

அவர் வண்டியைக் கிளப்பினார். மெதுவாக ஓட்டினார். தோப்பின் நடுவில் நிறுத்தச் சொல்லி அவள் வானத்தைப் பார்த்தாள். வளைவில் நிறுத்தச் சொல்லி, பொட்டலத்தைப் பிரித்து மசால் கடலை கொடுத்தாள். பெண்கள் கூட்டமாகக் கடந்து போனார்கள். கடைசிப் பெண் பஸ் ஏறும் வரை இருவரும் நின்றார்கள்.

"இதுக்குத்தான் இத்தன நாள் வீட்டுக்கு லேட்டா வந்தீங்களா?" என்றாள் லூர்து மேரி. அவள் குரலில் கோபம் இல்லை. தோளில் அவள் கை இருந்தது. இனி புகார் வராது என்று அவருக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஜஹீருன்னிசா வந்தாள். கூடவே கமலம்.

"சார், இது பெரிய கும்பல் சார். இப்ப ஒரு பொம்பளயும் சேந்திருக்கா. அவதான் தலைவி போல. அவ சொல்ற எடத்துலதான் வண்டி நிக்குது. நோட்டம் பாத்துக்கிட்டே என்னமோ தின்றாங்க."

"மூணு பேர் கும்பல். பொம்பள தலைமை," என்று சூரியபிரகாஷ் அங்கேயே போனை எடுத்து மேலிடத்தில் பேசினார். இந்த முறை அவரிடம் காட்டுவதற்குக் கணக்கு இருந்தது. வேலை போய்விடும், அதோடு மனைவியையும் சேர்த்துப் பிடித்துவிடுவார்கள் என்று ஆரோக்கியசாமிக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை ரோந்து பைக் திரும்பி வந்தது. சூரியபிரகாஷ் சாவியை அவரிடமே நீட்டினார்.

"அந்த ரோடு உங்களுக்குத்தான் அத்துப்படி ஏட்டய்யா. தினம் போங்க. கும்பல் பிடிபடற வரைக்கும் வண்டி நமக்குத்தான்னு சொல்லிட்டாங்க."

அன்று மாலை ஆரோக்கியசாமி சீருடையில், இன்ஜினை அணைக்காமல், தோப்பு ஓரத்தில் நின்றார். கம்பெனி விட்டது. வேகவேகமாக ஓடி வரும் பெண்கள் அவரைக் கண்டதும் நடையைத் தளர்த்தினார்கள். யாரோ சிரித்தார்கள். கூட்டத்தின் நடுவில் சௌமியா வந்தாள், முழங்கையில் பிளாஸ்திரியோடு. அப்பா மறுபடி அனுப்பியிருந்தார். அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள்.

கடைசியாக ஜஹீருன்னிசாவும் கமலமும் வந்தார்கள். அவர் குரலைச் சரிசெய்துகொண்டார்.

"இனிமே பயம் வேணாம்மா. அந்தக் கும்பல எப்படியும் புடிச்சிடறேன்."

ஜஹீருன்னிசா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். நான்கு முறை ஸ்டேஷனுக்கு வந்தும் ஒரு வார்த்தை பேசாத கமலம்தான் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"ஏட்டய்யா எங்களுக்காகத் தனியா வந்து காவல் நிக்கிறாருன்னு எழுதிக் குடுத்தா வண்டி வருமா சார்? அதான் உங்களையும் அக்காவையும் கும்பலாக்கினோம், அவசரப்பட்டுப் புடிச்சிடாதீங்க."