நமுனுகுலப் பட்டியலை நான் சுத்தம் செய்த விதம்

அரைகுறை அறிவோடு சுத்தம் செய்யக் கிளம்புகிறவனைக் கம்ப்யூட்டர் பக்கமே விடக்கூடாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதியும் உண்டு.

எண்பதுகளின் கடைசியில், பதுளையில் தோட்ட மக்களுக்கு அடையாள அட்டை எடுக்க உதவும் சிறு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே இரண்டு கம்ப்யூட்டர்கள், நடுவில் ஒரு வயர். ஒன்றில் பரீதா அக்கா (டவுன்காரர், டைப்பிங்கில் புலி) நமுனுகுலத் தோட்டத்து ஆட்களின் விபரங்களை மூன்று நாளாக ஏற்றி வந்தார். அதை என்னுடையதிலும் திறந்து பார்க்கலாம். மறுவாரம் பட்டியல் கொழும்புக்குப் போகவேண்டும். தவறினால் அந்தச் சனங்கள் இன்னும் எத்தனை மாதம் அட்டையில்லாமல் அலையவேண்டுமோ.

நான் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறை வீடுகளின் வரிசையில், வளர்ந்தவன். எங்கள் காம்பராவுக்குள் இருப்பது எங்களுடையது, அவ்வளவுதான் சட்டம். என் திரையில் தெரிந்ததால் அது என்னிடம் கிடக்கும் பிரதி என்று முடிவுகட்டினேன். அவரிடம் ஒன்று இருக்க, இடத்தை அடைத்துக்கொண்டு இது எதற்கு? அழித்தேன். (நிச்சயமா என்று மெஷின் மரியாதையாகத்தான் கேட்டது. நான்தான் ஆமாம் என்று ஓங்கித் தட்டினேன்.)

"தம்பி, இங்க ஒன்னுமே இல்லையே. எதையாச்சும் தொட்டீங்களா?"

"என்கிட்ட இருந்த காப்பிய மட்டும்தான் அழிச்சேன் அக்கா."

"காப்பி எங்க இருந்துச்சு? லயத்துக்கெல்லாம் தண்ணி பிடிக்க ஒரே பீலிதானே. உங்கட வாசல்ல நின்னு பார்த்தா அது உங்கட பீலி ஆகுமா?"

வேறு டிஸ்க்கில் எடுத்து வைக்கும் பழக்கம் அப்போது எங்களுக்கு இல்லை. கையால் எழுதிய தாள்களை, மெஷினில் ஏற்றியாயிற்றே இனி எதற்கென்று தேத்தண்ணி அடுப்புக்குக் கொடுத்திருந்தவனும் நான்தான்.

மேலாளரிடம் ஒரு வார்த்தை போதும், அன்றே என் சீட்டு கிழிந்திருக்கும். அக்கா சொல்லவில்லை. மறுநாள் என்னோடு நமுனுகுல பஸ்ஸில் ஏறினார்.

மாலை, தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்த நேரம். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று உண்மையைச் சொன்னேன். கூடையை இறக்கிவைத்த ஒரு பெண்தான் முன்னால் வந்தாள்.

"பேருதானங்க போச்சு. ஆளுங்க நாங்க இங்கதான நிக்கிறோம். எழுதுங்க."

காலையில் ஒரு பெரட்டு, மாலையில் எனக்காக இன்னொன்று. நாள் முழுக்க மலையில் நின்ற கால்கள் மறுபடியும் வரிசையில் நின்றன. இருட்டுவதற்குள் எழுதி முடித்தோம். அக்கா மறுபடியும் டைப் செய்ய, பட்டியலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வரிசைக்கும் பரீதா அக்காவுக்கும் நான் பட்ட நன்றிக்கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

கூடையோடு வந்த பெண்ணை மறுவருடம் கல்யாணம் செய்துகொண்டேன். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு அவள் ஆரம்பிப்பாள்:

"இவரு என்னைய மொதல்ல அழிச்சாரு. அப்புறந்தான் கட்டிக்கிட்டாரு."