இன்னுங்கொஞ்ச தூரக்காரர்

அணைக்கட்டுப் பூங்காவின் வாசலில் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. பூப்பறிக்காதே, குளிக்காதே, அடுப்பு மூட்டாதே, குரங்குக்குக் கடலை போடாதே என்று மூன்று பாஷையில் எழுதி மாட்டியிருப்பார்கள். இவ்வளவும் எழுதத் தெரிந்தவர்கள் முக்கியமான ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள்: "இன்னுங்கொஞ்ச தூரக்காரர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை."

யார் இவர்கள் என்று கேட்கிறீர்களா? உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை நாலு குடும்பமாகச் சேர்ந்து ஆற்றங்கரைக்குப் போகிறீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே ஒரு மரம், மரத்தடியில் நிழல், நிழலை ஒட்டித் தண்ணீர். ஜமுக்காளத்தை உதறி விரிக்கப் போகிற அந்த நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழும்பும். "இங்கயா? சேச்சே! இன்னுங் கொஞ்ச தூரம் போனா இதைவிட நல்ல இடம் இருக்கு." அவர்தான். அவர் இந்தப் பூங்காவுக்கு முன்பின் வந்தவர் இல்லை. ஆனாலும் இருக்கிறது என்கிறார். நீங்களும் உதறிய ஜமுக்காளத்தைச் சுருட்டுகிறீர்கள். ஏன் சுருட்டுகிறீர்கள்? அது எனக்கும் தெரியவில்லை; நானும் பலமுறை சுருட்டியிருக்கிறேன்.

இந்த இனத்தார் எந்த நிழலிலும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பார்கள். ஆலமரம் என்றால் பறவை எச்சம். மாமரம் என்றால் கட்டெறும்பு. புல்தரை ஈரம், பாறை சூடு. தண்ணீருக்குப் பக்கம் என்றால் பிள்ளைகள் விழுந்துவிடும், தண்ணீருக்குத் தூரம் என்றால் பிறகு எதற்கு ஆற்றங்கரைக்கு வந்தோம்? யாரும் உட்காராத இடம் ஏதோ கோளாறான இடம். ஆள் உட்கார்ந்த இடமோ அருமையான இடம், ஐயோ கைவிட்டுப் போச்சே! இக்கரைக்கு அக்கரை பச்சை என்ற பழமொழியைச் சொன்னவர் யாரோ தெரியாது. இவர்களில் ஒருவரோடு ஆற்றங்கரைக்குப் போய், சாப்பிடாமல் திரும்பி வந்த அன்றைக்குத்தான் சொல்லியிருப்பார்.

எனக்கு வாய்த்தவர் காசிராஜன் அண்ணாச்சி. தாராவி மெயின் ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். நான் அவருக்கு அடுத்த கோலியில், அதாவது அடுத்த ஒற்றை அறை வீட்டில், குடியிருக்கிறேன், அது என் ஜாதக விசேஷம். தங்கமான மனுஷன், தலைவலி என்றால் கஷாயத்தோடு வந்து நிற்பார். உட்கார மட்டும் விடமாட்டார். ரயிலில்கூட அப்படித்தான். சயானில் ஏறிய பெட்டி குர்லா வந்ததும் அவருக்குப் பிடிக்காமல் போய்விடும். "முன்னால பெட்டி காலியாக் கெடக்கும் தம்பி, வாரும்" என்று இறங்கி ஓடுவார். காட்கோபரில் மறுபடி பின்னால். அவரோடு தாணேக்குப் போவதென்றால் பாதி தூரம் ரயிலிலும் மீதி தூரம் பிளாட்பாரத்திலும் போகவேண்டும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் என்றால் நான் பேனாவைத் தொட்டிருக்கவே மாட்டேன். அண்ணாச்சிக்கு ஒரே மகள், கனகவள்ளி. வயசு இருபத்தேழு. எஸ்.எஸ்.சி. முடித்தவள், மாட்டுங்காவில் ஒரு தையல் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறாள். அவளுக்கு முதலில் நாலு வரன் வந்தது. முதல் பையன் நெட்டை, இரண்டாமவன் குட்டை. மூன்றாமவன் நல்ல உயரந்தான், ஆனால் வீடு தேவ்நாரில், காற்று சரியில்லை. நாலாவது பையனிடம் ஒரு குறையும் அகப்படவில்லை; அதனாலேயே சந்தேகம் வந்துவிட்டது. "அவசரம் என்ன தம்பி? இன்னுங் கொஞ்சம் பொறுத்தா இதைவிட நல்லதா வரும்" என்றார் என்னிடம். நாலு பேருக்கும் கல்யாணமாகி இப்போது மொத்தம் ஏழு குழந்தைகள். கனகவள்ளி இன்னும் மெஷின் மிதித்துக்கொண்டிருக்கிறாள்.

ஐந்தாவது வரன் போன தை மாதம் வந்தது. பையன் பெயர் சுயம்புலிங்கம், ரயில்வே பார்சல் ஆபீசில் கிளார்க்கு. தகப்பனார் தங்கசாமி, மாஹிமில் பலசரக்குக் கடை. இரண்டு பக்கமும் போட்டோ மட்டும் கைமாறியது. இதுவும் தட்டிப்போனால் அப்புறம் இரண்டாந்தாரமாகத்தான் கேட்டு வருவார்கள் என்று ஆவுடையம்மாள் மதினி, அதுதான் அண்ணாச்சி சம்சாரம், என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

பெண் பார்ப்பது எங்கே? ஊரென்றால் வீட்டுக்கு வரச்சொல்லலாம். பம்பாயில் பத்துக்குப் பத்து கோலியில் யாரை உட்காரவைத்து யாருக்குக் கேசரி கொடுப்பது? போதாததற்கு, வந்தவர்கள் வேண்டாம் என்று போய்விட்டால் சாயங்காலத்துக்குள் குழாயடி முழுக்கச் செய்தி போய்விடும். அதனால் நம்மவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டு வீட்டாரும் தனித்தனியாகப் பூங்காவுக்குப் போவார்கள். அங்கே தற்செயலாகச் சந்தித்துக்கொள்வார்கள். "அடடே, நீங்களும் வந்திருக்கீகளா!" என்று ஆச்சரியப்படுவார்கள். அந்தத் தற்செயலுக்கு நாள், நேரம், மரம் எல்லாம் முன்கூட்டியே குறித்திருக்கும். ஒரே ஒரு விதிதான். தேடி வந்ததாக மட்டும் காட்டிக்கொள்ளக் கூடாது. யாரிடமும் விசாரிக்கக் கூடாது.

தாணேக்கு அப்பால் ஓர் அணை. பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு இன்னுங்கொஞ்ச தூரக்காரர் உங்களைக் கிளப்பிவிடுவார். யுத்த சமயத்தில் பாதுகாப்புக்காக மூடிவைத்திருந்து அப்போதுதான் திறந்திருந்தார்கள். அணைக்குக் கீழே ஆறு, ஆற்றின் இரண்டு கரையிலும் பூங்கா, இந்தக் கோடியில் ஒரு நடைபாலம், அந்தக் கோடியில் ஒரு நடைபாலம். ஒரு கரையில் போய் மறுகரையில் வந்தால் கிளம்பின இடத்துக்கே வந்துவிடலாம். வாசலுக்கு நேரே படித்துறை, படித்துறைக்கு மேலே ஆலமரம். ஆலமரத்தடி, பகல் பதினோரு மணி. இதுதான் ஏற்பாடு.

பத்தரைக்கே போய்விட்டோம். அண்ணாச்சி, மதினி, கனகவள்ளி, நான், கடையில் வேலை பார்க்கிற பூலோகம் ஆக ஐந்து பேர். பூலோகத்தின் தலையில் ஒரு பித்தளை அண்டா. அதற்குள் புளியோதரை. ரேஷன் அரிசியை மூன்று வாரம் மிச்சம்பிடித்து, அதற்காக வீட்டில் ராத்திரி எல்லாரும் கோதுமை ரொட்டி தின்று, மதினி கிளறிய புளியோதரை. நல்லெண்ணெய் வாசனை தாணே ரயில்வே பிளாட்பாரத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

மதினி மரத்தடியில் ஜமுக்காளத்தை விரிக்கப்போனாள்.

"ஏளா, இங்கயா? மேல பாரு, நூறு காக்கா. மாப்பிள வீட்டுக்காரங்க தலையிலயா உக்காரவைக்கப் போற?"

"இந்தாருங்க, இங்கனதான வரச் சொல்லியிருக்கு?"

"அரை மணி நேரம் கெடக்குல்லா? நல்ல இடமாப் பாத்துவச்சிட்டு வந்து அவுகளைக் கூட்டிட்டுப் போவோம். இன்னுங் கொஞ்ச தூரம், அவ்வளவுதான்."

நடந்தோம். ஒரு மூங்கில் புதர் வந்தது, பாம்பு இருக்குமாம். ஒரு கல்மண்டபம் வந்தது, காற்று வராதாம். பூங்காக் காவல்காரர் இனாயத்துல்லா எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "சேட், யே ஜகா பஹுத் அச்சா ஹை" என்று ஒரு வேப்பமரத்தடியைக் காட்டினார். நிஜமாகவே நல்ல இடம். அண்ணாச்சி என் காதில், "அவனே காட்டுதான்னா அதுல என்னமோ இருக்கு" என்றார். அந்தக் கோடிப் பாலத்தைத் தாண்டி மறுகரைக்கு வந்தபோது மணி பதினொன்றரை.

அங்கேதான் அந்தக் காட்சி. நாங்கள் விட்டுவந்த கரையில் ஒரு பெரியவர் முன்னே கையை வீசிக்கொண்டு நடக்கிறார். அவர் பின்னால் இரண்டு பெண்பிள்ளைகள், அதற்குப் பின்னால் தலையில் ஜமுக்காளத்தோடு ஓர் ஆள். எல்லார் முகத்திலும் நெருப்பு. அண்ணாச்சி நின்று வேடிக்கை பார்த்தார்.

"அங்க பாரும் தம்பி! ஒரு கோட்டிக்காரன் குடும்பத்தையே இழுத்துக்கிட்டு அலையுதான். அவ்வளவு நல்ல மூங்கில் நெழலு இருக்கு, ஒரு இடத்துல உக்காந்தா என்ன கேடு?"

நான் பூலோகத்தின் தலையிலிருந்த அண்டாவைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். பசி வந்தால் நான் மரியாதை குறைவாகப் பேசிவிடுவேன்.

ஒரு சுற்று முடிந்து பாலம் ஏறி, மறுபடி ஆலமரத்துக்கு வந்தோம். மணி பன்னிரண்டு. மரத்தடியில் அரைக்கைச் சட்டைக்காரன் ஒருவன் பழக்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முகம் தெரியாமல் பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்தான். "போச்சு! எவனோ ஒரு பய உக்காந்துட்டான். எம்புட்டு நல்ல இடம்!" என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "மாப்பிள வீட்டுக்காரங்களையும் காணோம். நேரந்தவறுத ஆளுகளா இருக்கும். அதுவும் நல்லதுக்குத்தான். வாங்க, இந்தத் தடவை உள்ளுக்குள்ள தள்ளிப் பாப்போம்."

அப்போதுதான் கனகவள்ளி குனிந்தாள்.

"அப்பா, செருப்பு வார் அறுந்துட்டு. நீங்க போங்க, நான் படியில உக்காந்திருக்கேன்."

"எனக்கும் முழங்கால் ஓடாது. பிள்ளைய ஒத்தைல விடவும் கூடாது" என்று மதினியும் நின்றுவிட்டாள். பூலோகம் அண்டாவை இறக்கி, "இது இங்கன இருக்கட்டும் அண்ணாச்சி. இடம் கெடச்சதும் தூக்கிட்டு வாரேன்" என்றான். கொஞ்ச தூரம் எங்களோடு வந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன்தான். அவ்வளவு தண்ணீர் யாராலும் குடிக்க முடியாது.

மிச்சம் அண்ணாச்சியும் நானும். எத்தனை சுற்று என்று என்னைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் அக்கரையில் அந்தக் கோட்டிக்காரர். எங்களைப் போலவே அவருக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆள் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அவர் தனியாக நடந்தார். இருவரும் ஒரே வேகம், ஒரே திசை, எப்படிச் சந்திப்பார்கள்? ஒருதரம் அவர் நின்று எங்களைப் பார்த்து, பக்கத்தில் யாரும் இல்லாததால் தனக்குத்தானே ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஐந்தரைக்கு இனாயத்துல்லா விசில் ஊதினார். கேட் மூடப்போகிறது. அண்ணாச்சி வாசல் பக்கம் வந்தார், எதிரே மற்றப் பாதை வழியாக அந்தப் பெரியவரும் வந்தார். இருவரும் ஆலமரத்தடியில் ஒரே நேரத்தில் நின்றார்கள்.

ஜமுக்காளம் விரித்திருந்தது. மதினி சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், அக்கரையில் நாங்கள் பார்த்த இரண்டு பெண்பிள்ளைகளும், ஜமுக்காளம் சுமந்தவனும், தண்ணீர் குடிக்கப்போன பூலோகமும் இருந்தார்கள். அண்டா கவிழ்ந்து கிடந்தது. எங்களுக்கென்று ஒரு பருக்கை இல்லை. படித்துறையில் கனகவள்ளி தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு படி தள்ளி, மரியாதையான தூரத்தில், அந்த அரைக்கைச் சட்டைக்காரன் கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"அடடே, நீங்களும் வந்திருக்கீகளா!" என்றார் அண்ணாச்சி, விதிப்படி.

"அடடே!" என்றார் அந்தப் பெரியவர், பையனின் தகப்பனார் தங்கசாமி. "நல்ல இடமா ஒண்ணு பாத்துட்டு வரலாம்னு போனேன். பயலை இங்கன இருக்கச் சொல்லிட்டு..."

அண்ணாச்சி பையனைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். "பையன் நல்லாத்தான் இருக்கான்" என்று இழுத்தார். "ஆனாலும் அவசரம் என்ன? இன்னுங் கொஞ்சம்..."

"இந்தாருங்க." மதினி வெற்றிலையைக் கீழே வைத்தாள். புருஷனிடம் அவள் குரலை உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. "முப்பது வருசமா உங்க பின்னாலேயே நடந்துட்டேன். இன்னைக்குத்தான் உக்காந்திருக்கேன். இனி எந்திரிக்க மாட்டேன். எம் மகளும் எந்திரிக்க மாட்டா."

கனகவள்ளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு இது போதும்ப்பா" என்றாள்.

அண்ணாச்சி, இத்தனை வருஷப் பழக்கத்தில் நான் பார்த்திராத காரியம் ஒன்றைச் செய்தார். ஜமுக்காளத்தின் ஓரத்தில், காக்கைக்கு நேர் கீழே, உட்கார்ந்தார். தங்கசாமியும் உட்கார்ந்தார். இனாயத்துல்லா இரண்டாவது விசில் ஊதி எல்லாரையும் எழுப்பினார்.

பங்குனி உத்திரம் கழித்து வைகாசியில் கல்யாணம். ஹால் பார்க்கும் பொறுப்பைச் சம்பந்திகள் இருவரிடமும் கொடுக்கவில்லை.

போகட்டும். நீங்கள் இந்த இனம் இல்லை என்றுதானே இவ்வளவு நேரம் சிரித்தீர்கள்? சரி. ஆனால் இதைவிட நல்லதாக ஏதாவது இருக்குமோ என்று நடுவில் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தீர்களே, அதை நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் நடக்கும்போது ஒருதரம் நின்று, பின்னால் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். கால் வலிக்கிறது என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸுக்கு நடக்கும்போது நான் கனகவள்ளியின் கால்களைப் பார்த்தேன். இரண்டு செருப்பிலும் வார் ஒழுங்காகத்தான் இருந்தது.