குட்டை மீனுக்கு ஒரு லாரி

சேத்துப்பட்டு மைத்துனர் சந்திரகுமார் அவர்களுக்கு, ஆரணியிலிருந்து ஜீவந்தரன் எழுதுவது. அருகர் அருளால் நானும் உங்கள் தங்கை ரத்னாவதியும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

பட்டுக்கடையை மகன் ஜினேந்திரனிடம் விட்டுவிட்டு மரக்காணம் பக்கம் கடலோரத்தில் நிலம் வாங்கினபோதே நீங்கள் வேண்டாம் என்றீர்கள். கேட்டேனா? புயலன்று கடல் உள்ளே வந்ததில் மண்ணெல்லாம் உப்பு. வேளாண் அதிகாரி லாவண்யா அம்மா வந்து, உப்பைத் தாங்கும் நெல் விதை கொடுத்தார். ஒரு மூலையில் குட்டை வெட்டி மழைத்தண்ணீரைப் பிடித்து வையுங்கள், கோடையில் பாய்ச்சலாம், அதிலேயே மீனும் விடலாம் என்றார். உயிர்க்கொலை ஆகாத சமணர் நாம், மீன் வளர்க்கிற ஜனமா? குட்டை சரி, மீன் மட்டும் வேண்டாம் என்று கும்பிட்டேன். ஐப்பசி மழையில் வாய்க்கால் பொங்கி, மீன் தானாகவே வந்து குடியேறிவிட்டது.

இப்போது கதிர் வருகிற நேரம், பயிர் காய்கிறது. குட்டையை இறைத்தால் மீன் செத்துவிடும், இறைக்காவிட்டால் நெல் செத்துவிடும். மோட்டார் போடப் போனால் அதுங்க கரையோரம் வந்து வாயைத் திறந்துகினு நிக்குது. பாவமேன்னு ஆரணிப் பொரியைப் போட்டுப் பழக்கியாச்சு. பக்கத்து நிலத்து தாவீது நல்ல மனுஷர். வலையோட வந்து, "ஐயா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிகினு நில்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். திரும்பி நிக்கவும் பார்த்தேன் மச்சான், முடியல. உங்க தங்கச்சி சோறு போடும்போதெல்லாம் மீனுக்குப் பொரி ஆச்சான்னு கேக்கறா. பயிரைக் கேக்க ஆளில்ல. ஒரே பேஜாரு.

ஆகவே, உங்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதே, ஒரு லாரியும் பெரிய டிரம்களும் அனுப்பினால் மீனை உயிரோடு உங்களிடம் சேர்த்துவிட்டுப் பயிருக்குத் தண்ணீர் விடுவேன். இந்தப் போகமும் போனால் நிலத்தை விற்றுவிட்டு, கடையில் மகன் முன்னால் போய் உட்கார வேண்டியதுதான். எந்த முகத்தோடு உட்காருவேன்?

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
ஜீவந்தரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டறதுக்குள்ள நிலத்து ஆள் சின்னக்கண்ணு போன் பண்ணான். அங்க கோடை மழை கொட்டித் தீர்த்துடுச்சாம். குட்டை வழிஞ்சு, குட்டையும் வயலும் ஒண்ணாயிடுச்சாம். பயிர் பொழச்சிகிச்சு. லாரி வேணாம். மீனெல்லாம் இப்போ நெல்லுக்குள்ள திரியுதாம். லாவண்யா அம்மா வந்து, தான் சொன்னதை ஐயா அப்படியே செஞ்சிட்டாருன்னு சந்தோஷமா போட்டோ எடுத்துகினு போனாங்களாம். அறுக்கணும்னா வயலை வடிக்கணுமே மச்சான்.