சுவர்க்கொடி வந்த தேதி

அந்தக் கொடியை முறைப்படி ஒழித்துக்கட்டுவது என்று பிழைதிருத்தி முடிவெடுத்தார்.

அச்சகத்தில் முப்பது வருஷம் எழுத்துப்பிழை பிடித்தவர். ஓய்வு பெற்றபின் பிடிக்கப் பிழை இல்லாமல் கை நமநமத்தது. அப்போதுதான் அவர் கைபேசிக்குள் அந்தத் தகவல்தளம் வந்து இறங்கியது. ஊர்மக்கள் செடிகொடிகளைப் படமெடுத்துப் போடுவார்கள். ஒவ்வொன்றின் மேலும் 'இந்த மண்ணுக்குரியது', இல்லையேல் 'வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது' என்று ஒரு முத்திரை. தப்பென்றால் யாரும் திருத்தலாம். யாரும்! மனிதர் அன்று இரண்டு கரண்டி சோறு கூடச் சாப்பிட்டார்.

பின்பக்கச் சுவரை மூடிய ஊதாப்பூக் கொடிக்கு 'இந்த மண்ணுக்குரியது' என்றிருந்தது. அதை வெட்டினால்தான் ஸ்கூட்டருக்குக் கொட்டகை. மனைவியோ ஓர் இலை உதிர்ந்தாலே துக்கம் கொண்டாடுபவர்.

"இது இந்த ஊர்ச் செடியே இல்ல, தெரியுமா?"

"யார் சொன்னா?"

"நான்தான்."

"மூக்குமேல இருக்கற கண்ணாடிய வீடு பூராத் தேடறவரு நீங்க. தளத்துல இருக்கறவங்க சொல்லட்டும். ஒத்துக்கிட்டாங்கன்னா வெட்டிக்குங்க."

பாய்ந்து போய்த் திருத்தம் அனுப்பினார். பதில் வந்தது: 'எப்போது வந்தது? ஆதாரம்?'

'எனக்கு நன்றாகத் தெரியும்.'

'அது ஆதாரமாகாது.'

"அச்சு அசல் உன்ன மாதிரியே பேசறாங்கடி!" என்று புலம்பினார்.

மனைவி உள்ளே போய், பெட்டியைக் குடைந்து, பழைய புகைப்படம் ஒன்றை நீட்டினார். "இது போதுமா பாருங்க."

அதே சுவர். மொட்டைச் சுவர்! படத்தின் பின்புறம் மாமனார் கையெழுத்தில் தேதி. பிழைதிருத்தி தேதியை மூன்றுமுறை சரிபார்த்தார். எழுத்தைப் பார்த்தே பழகிய கண். படத்தில் வேறென்ன இருக்கிறதென்று அது பார்க்கவில்லை. தளத்தில் ஏற்றிவிட்டார். ஒரு மணி நேரத்தில் முத்திரை மாறியது. ரம்பத்தோடு கிளம்பிவிட்டார்.

"வெட்டறதுக்கு முன்னாடி அந்தப் படத்த முழுசா ஒருதடவ பாருங்க."

பார்த்தார். மாடிப்படியடியில் ஓர் ஒல்லிப் பையன். ஒரு கக்கத்தில் சுருட்டிய பாய். இன்னொரு கையில் தகர டப்பா, அதில் நாலே இலை. கால்சட்டையில் மடிப்பக்கம் பெரிய ஈரத்திட்டு. ஆறு மணி நேரப் பஸ் பயணத்தில் டப்பா அவர் மடியிலேயே ஒழுகியது நினைவுக்கு வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் சந்தேகத்தோடு நகர்ந்து உட்கார்ந்தார். மாமனார் வெறும் வீட்டுக்காரராக இருந்த காலத்தில், மாடி அறைக்கு அவர் குடிவந்த நாள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால், வீட்டுக்காரர் மகளின் பாதி முகம். சிரித்துக்கொண்டிருந்தது.

முப்பத்துநாலு வருஷம் இந்த நினைவை மனதின் எந்த மூலையில் போட்டு வைத்திருந்தார்!

"சாகப்போற செடிய ஏன் தூக்கிட்டு வந்தீங்கன்னு கேட்டேன். 'என்கூட வந்த ஒரே சொந்தம்'னீங்க. பாவமா இருந்துச்சு. தண்ணி ஊத்தினேன்."

"செடிக்கா, எனக்கா?"

"ரெண்டும் வாடித்தான கெடந்துச்சு."

பிழைதிருத்தி ரம்பத்தை மறுகைக்கு மாற்றினார். "அதெல்லாம் சரி. ஒத்துக்கிட்டா வெட்டலாம்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். இந்த வீட்டுக்கு வெளியிலேர்ந்து ஒரே பஸ்ல, ஒரே நாள்ல வந்தது ரெண்டு. எத மொதல்ல அனுப்பலாம், சொல்லுங்க?"

சாயங்காலம் ஸ்கூட்டர் வெயிலில் காய்ந்தது. பிழைதிருத்தி ஏணியில் நின்று கொடியைக் கயிற்றில் ஏற்றிக்கட்டினார். கீழே ஏணியைப் பிடித்திருந்த மனைவி, மறுகையில் கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களையும் தளத்துல சேத்துட்டேங்க."

"ஐயையோ! என்னன்னு?"

"'கொண்டுவரப்பட்டது. தீங்கில்லாதது'ன்னு."

"ஆதாரம் கேப்பாங்களே!"

"கேக்கலையே. அந்தப் பழைய படத்தப் பாத்ததும் மூணு பேர் ஒத்துக்கிட்டாங்க."